ஒற்றை ஆள் உலை: தனியாகச் சமைத்து நன்றாகச் சாப்பிட ஒரு வழிகாட்டி

கிருஷ்ணகிரிக்கு வேலைக்கு வந்து மாடி அறையில் குடியேறிய முதல் வாரம், ஒரு டம்ளர் துவரம் பருப்பைப் போட்டுச் சாம்பார் வைத்தேன். பென்னாகரம் பக்கத்தில் எங்கள் வீட்டில் ஆறு பேர். அம்மா தினமும் ஒரு டம்ளர்தான் போடுவார். எனக்குத் தெரிந்த அளவு அது ஒன்றுதான். திங்கட்கிழமை சாம்பார் நன்றாக இருந்தது. செவ்வாய்க்கிழமை பரவாயில்லை. புதன் மாலை மூடியைத் திறந்து பார்த்தேன், மூடினேன், பரோட்டாக் கடைக்கு நடந்தேன். அடுத்த இரண்டு மாதங்கள், நான் தெருமுனையில் திரும்பும்போதே அந்தக் கடையில் எனக்கு இரண்டு பரோட்டா கல்லில் விழுந்துவிடும்.

தனியாக இருப்பவர்கள் சோம்பலால்தான் கடைக்குப் போகிறார்கள் என்பார்கள். நான் பார்த்தவரை அவர்களைத் துரத்துவது மூன்றாம் நாள் சாம்பார். ஆறு பேர் வீட்டு அளவைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவருக்குச் சமைத்தால், ஒன்று மிஞ்சிச் சலிக்கும், இல்லையென்றால் தினமும் முதலிலிருந்து தொடங்கிக் களைத்துப்போவோம். இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது: முடிந்த குழம்பைச் சேமிக்காமல், பாதிச் சமையலைச் சேமிப்பது. வெந்த பருப்பு, வதங்கிய வெங்காயம், காய்ச்சிய புளி, அவித்த கொள்ளு ஆகியவை தயாராக இருந்தால், தாளிப்பு மட்டும் அன்றன்றைக்கு. நேற்றுக் கொதித்த பருப்பு இன்று வேறு குழம்பாகிவிடும். இந்த வழிகாட்டி முழுக்க அதைப் பற்றித்தான்.

முதலில் அளவு

கடையில் ஓர் ஆழாக்கு வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் பக்கத்துப் பாத்திரக் கடைகளில் இன்னும் கிடைக்கிறது. பழைய அளவில் எட்டு ஆழாக்கு ஒரு படி. ஓர் ஆழாக்கு ஏறத்தாழ 168 மில்லி. அரை ஆழாக்கு அரிசி 70 கிராம் இருக்கும். உட்கார்ந்து வேலை செய்பவருக்கு ஒரு வேளைச் சோற்றுக்கு அது போதும். வயலிலோ பட்டறையிலோ உழைப்பவர் முக்கால் போடலாம். பருப்பு கால் ஆழாக்குக்குச் சற்றுக் கூடுதலாக, அதாவது 40 கிராம். புளி சிறு நெல்லிக்காய் அளவு. எலுமிச்சை அளவு என்று சமையல் குறிப்புகளில் வருவது நாலு பேருக்கு. உப்பைப் பாதியாகக் குறைத்துப் போட்டு, ருசி பார்த்துச் சேருங்கள். அளவு குறையும்போது உப்பும் புளியும்தான் முதலில் தவறிப்போகும்.

ஒரு நாளைக்கு மொத்தம் எவ்வளவு? ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதல்களில், 2000 கலோரிக்கான ஒரு நாள் தட்டு இப்படி இருக்கிறது: தானியம் 250 கிராம், பருப்பு பயறு 85, காய்கறியும் கீரையும் 400, பழம் 100, பால் அல்லது தயிர் 300 மில்லி, கொட்டைகளும் விதைகளும் 35, எண்ணெய் 27. தனியாள் தட்டு எங்கே சரிகிறது என்று பாருங்கள்: சோறு 250ஐத் தாண்டிவிடும், பருப்பு 20இல் நின்றுவிடும், காய் என்பது ஊறுகாயாகிவிடும். நான் இந்தப் பட்டியலில் இரண்டை மட்டும் மனப்பாடமாக வைத்திருக்கிறேன்: பருப்பு 85, காய் 400. இவை இரண்டும் வந்துவிட்டால் மற்றவை பின்னாலேயே வந்துவிடுகின்றன. 60 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 50 கிராம் புரதம் வேண்டும். மேலே சொன்ன தானியம், பருப்பு, பால் மூன்றிலிருந்தே அது கிட்டத்தட்டக் கிடைத்துவிடும். ஒரு முட்டை சேர்த்தால் இன்னும் 6 கிராம்.

தண்ணீர், பாத்திரம்

மற்ற ஊர்க்காரர்களுக்குத் தேவைப்படாத ஒரு படி இங்கே உண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல இடங்களில் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு அதிகம். பற்களில் பழுப்புக் கறை படிந்த பெரியவர்களை இந்தப் பக்கம் பார்த்திருப்பீர்கள். அதற்காகத்தான் ஜப்பானிய நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் பயன்பாட்டுக்கு வந்தது. வாடகை அறைகளில் நடக்கும் தவறு இது: குடிக்கக் கேன் தண்ணீர், சமைக்க மோட்டார் தண்ணீர். சோறு தன்னில் ஊற்றிய தண்ணீரைக் குடித்துக்கொண்டுதானே வேகிறது? கொதித்தால் சரியாகிவிடும் என்பதும் தவறு. கொதிக்கும்போது கிருமி சாகும். ஃபுளோரைடு போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறிவாகும். எனவே உலைக்கும் டீக்கும் ஒகேனக்கல் தண்ணீரையோ, ஆர்.ஓ. தண்ணீரையோ பிடித்து வையுங்கள். பாத்திரம் கழுவ மோட்டார் தண்ணீர் போதும். நம் நாட்டுத் தரப்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம்தான் ஏற்கத்தக்க அளவு, வேறு தண்ணீர் இல்லாத இடத்தில் 1.5 வரை. சந்தேகமிருந்தால் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்துச் சோதித்துக்கொள்ளலாம்.

பாத்திரங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2 லிட்டர் குக்கர், அதற்குள் அடங்கும் இரண்டு கிண்ணங்கள், அடி கனமான கைப்பிடிச் சட்டி ஒன்று, தோசைக்கல், மத்து, மூடியுள்ள சிறு டப்பாக்கள் ஆறு. 5 லிட்டர் குக்கரை ஊரிலேயே விட்டுவிட்டு வாருங்கள். அது கண்முன் இருந்தால் கை தானாகவே அதை நிரப்பும்.

சந்தை

தனியாளுக்குச் சூப்பர் மார்க்கெட்டை விட உழவர் சந்தையும் வாரச் சந்தையும்தான் உகந்தவை. அங்கே கால் கிலோ கேட்டால் யாரும் முகம் சுளிப்பதில்லை. போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தை மாதிரியான இடங்களில் காயைக் கூறு கட்டி வைத்திருப்பார்கள். ஒரு கூறு என்பது ஏறக்குறைய ஒருவருக்கு மூன்று வேளைக் காய்.

வாங்குவதைக் காட்டிலும் எந்த வரிசையில் தீர்ப்பது என்பதுதான் முக்கியம். கீரை அன்றைக்கும் மறுநாளும். கத்தரி, வெண்டை, அவரை நாலு நாளுக்குள். கேரட், பீட்ரூட், முட்டைகோஸ், பூசணிக் கீற்று வாரக் கடைசிக்கு. இதைத் தலைகீழாகச் செய்பவர்கள்தான் வெள்ளிக்கிழமை அழுகிய கீரைக்கட்டைத் தூக்கிப் போடுகிறார்கள். நானும் ஒரு காலத்தில் முதலில் கேரட்டைத்தான் தொட்டேன், நறுக்க எளிது என்பதால்.

தக்காளி தனிக் கதை. பாலக்கோட்டிலும் ராயக்கோட்டையிலும் மண்டி இருக்கிற ஊர் இது. ஒரு மாதம் சாலையோரம் கொட்டிக் கிடக்கும். இன்னொரு மாதம், 2023 ஜூலையில் ஆனதுபோல, கிலோ நூறு ரூபாயைத் தாண்டும். மலிந்த நாளில் இரண்டு கிலோ வாங்கி, நல்லெண்ணெயில் வற்ற வற்றத் தொக்காகக் கிண்டிவிடுங்கள். குளிர்பெட்டியில் இரண்டு வாரம் தாராளமாக இருக்கும். ஈரக் கரண்டி படக்கூடாது.

தேங்காய் உடைத்தால் கண் உள்ள மூடியை முதலில் தீர்த்துவிடுங்கள். அதுதான் முதலில் கெடும். மற்றதைத் துருவிக் கைப்பிடி கைப்பிடியாக உறைபெட்டியில் வைக்கலாம். கறிக்கடையில் கால் கிலோ கோழி கேட்கத் தயங்காதீர்கள்: பாதி குழம்புக்கு, பாதி மஞ்சளும் உப்பும் மிளகாய்த்தூளும் தடவி உறைபெட்டிக்கு. மாம்பழக் காலத்தில் இந்த மாவட்டத்தில் பழம் 100 கிராம் என்ற கணக்கை யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை. கூழ் ஆலைகளுக்கு லாரி லாரியாகப் போகும் கிளிமூக்கு மாங்காயில் ஒன்றே ஒன்று போதும்: பாதி மாங்காய்ப் பருப்புக்கு, பாதி உப்பும் மிளகாயும் தொட்டுக்கொள்ள.

ஞாயிற்றுக்கிழமை ஒன்றரை மணி நேரம்

இதுதான் மையம். சனிக்கிழமை இரவே 100 கிராம் கொள்ளைக் கல் அரித்து ஊறவைத்துவிடுங்கள். ஞாயிறு காலையில் நாலு வேலைகள்.

கொள்ளிலிருந்து தொடங்குவோம். மூன்று டம்ளர் தண்ணீர் விட்டுக் குக்கரில் ஆறு விசில், பிறகு சிறு தீயில் பத்து நிமிடம். வடிகட்டினால் சிவந்த தண்ணீர் ஒன்றரை, இரண்டு டம்ளர் தேறும். அதைக் கீழே ஊற்றிவிடாதீர்கள். அதுதான் கொள்ளு ரசம். நெல்லிக்காய் அளவு புளி, தட்டிய மிளகு சீரகம், நாலு பல் பூண்டு, நுரை கட்டியதும் இறக்கம், கடுகும் காய்ந்த மிளகாயும் தாளிப்பு. இரண்டு வேளைக்கு வரும். வெந்த கொள்ளில் ஒரு பாதியைச் சின்ன வெங்காயம் வதக்கி மத்தால் கடைந்தால் கடைசல். மறுபாதியை டப்பாவில் போட்டு வைத்தால் செவ்வாய்க்கிழமை தேங்காயும் வறுத்த மிளகாயும் சேர்த்துத் துவையல். ஒரு முறை அடுப்பு, மூன்று பண்டம்.

அடுத்து, குக்கரைக் கழுவாமலேகூட, 120 கிராம் துவரம் பருப்பை மஞ்சளும் பூண்டும் போட்டு வேகவையுங்கள். தாளிக்க வேண்டாம், உப்பும் வேண்டாம். மூன்று டப்பாக்களில் பிரியுங்கள். ஒன்று அன்றைய கீரைக் கடைசலுக்கு, ஒன்று செவ்வாய்க்கிழமைச் சாம்பாருக்கு. மூன்றாவதை உறைபெட்டியில் வையுங்கள். வியாழக்கிழமை தக்காளிப் பருப்போ ரசமோ எது தோன்றுகிறதோ அதற்கு. குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வெந்த பருப்பை மூன்று நாளுக்கு மேல் நம்ப வேண்டாம்.

மூன்றாவது வேலை வதக்கல். பெரிய வெங்காயம் 300 கிராம், தக்காளி 300 கிராம், இஞ்சி பூண்டு விழுது ஒரு கரண்டி. எண்ணெய் ஓரத்தில் பிரியும்வரை பொறுமையாக வதக்கி நாலாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இரண்டு கீழே, இரண்டு உறைபெட்டியில். ஒரு பங்கில் தண்ணீரும் மசாலாத்தூளும் விட்டு முட்டை உடைத்து ஊற்றினால் முட்டைக் குழம்பு. இன்னொன்றில் அவித்த உருளைக்கிழங்கு. வேலை முடிந்து வந்து வெங்காயம் உரிப்பதுதான் நம்மைப் பரோட்டாக் கடைக்கு அனுப்புகிறது. அந்தக் கண்ணீரை ஞாயிற்றுக்கிழமையே சிந்திவிடலாம்.

நான்காவது புளிக்காய்ச்சல். இதை மாதம் ஒரு முறை செய்தால் போதும். புளியந்தோப்புகளுக்குப் பேர்போன மாவட்டத்தில் புளிக்கா பஞ்சம்? 100 கிராம் புளியைக் கெட்டியாகக் கரைத்து, நல்லெண்ணெயில் கடுகு, கடலைப்பருப்பு, வெந்தயம், மிளகாய் தாளித்து, எண்ணெய் மிதக்கும்வரை காய்ச்சுங்கள். ஒரு கரண்டியைச் சூடான சோற்றில் பிசையலாம்; இரண்டு கரண்டியைத் தண்ணீரில் கரைத்து வற்றல் போட்டுக் கொதிக்கவிட்டால் வற்றல் குழம்பு.

குளிர்பெட்டி இல்லாதவர்கள் பருப்பையும் வதக்கலையும் விட்டுவிட்டு, கெடாத பொருள்களின் பக்கம் போங்கள்: புளிக்காய்ச்சல், வற்றல், கருவாடு, தினமும் ஒரு கைப்பிடி ஊறவைத்த பயறு. காலையில் ஊறிய பயறு இரவுக்குச் சுண்டலாகும்.

சோறு மிஞ்சினால்

மிஞ்சும். அரை ஆழாக்கிலும் ஒரு கைப்பிடி மிஞ்சும். ஆறியதும் தண்ணீர் ஊற்றி வைத்து, காலையில் மோர், சின்ன வெங்காயம், மோர்மிளகாயோடு பழைய சோறாகச் சாப்பிடலாம். இல்லையென்றால் இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டிக்குள் போய்விட வேண்டும். மதியச் சோற்றை அப்படியே மூடி வைத்து இரவில் எலுமிச்சை சாதமாகத் தாளிப்பதுதான் ஆபத்து. சோற்றில் தப்பிப் பிழைக்கும் பாக்டீரியா வித்துகள் வெப்பத்தில் பெருகி நஞ்சை உண்டாக்குகின்றன. அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழிவதில்லை. சித்திரை வெயிலில் பழைய சோறும் ஒரு இரவுதான். மறுநாள் மாலைக்கு நீட்டக் கூடாது.

ஒரே ஓர் ஆளுக்குக் களி

தனியாளுக்குக் களி ஆகாது என்பார்கள். ஆகும், எனக்கு நாலு முறை கட்டி தட்டிய பிறகு ஆனது. கேழ்வரகு இங்கே கைக்கெட்டும் பொருள். 2023இல் தருமபுரி, நீலகிரி மாவட்ட ரேஷன் கடைகளில் அரிசியில் 2 கிலோவுக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். சுத்தம் செய்து காயவைத்து, மாவு மில்லில் கொடுத்தால் இரண்டு கிலோவையும் அரைத்துத் தருவார்கள். கேழ்வரகு மாவு தாங்கும். கம்பு மாவை அப்படி அரைத்து வைக்காதீர்கள். அதில் எண்ணெய்ச் சத்து கூடுதல், சில நாளிலேயே கசந்துவிடும். 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அதே எடைப் பாலில் இருப்பதைப்போல் மூன்று மடங்கு.

கைப்பிடிச் சட்டியில் இரண்டு ஆழாக்குத் தண்ணீர், ஒரு கரண்டி அரிசி நொய், உப்பு. நொய் மலர்ந்ததும் தீயைக் குறைத்து, ஓர் ஆழாக்கு மாவை நடுவில் குவியலாகக் கொட்டுங்கள். கிண்டாதீர்கள். இங்கேதான் எல்லோருக்கும் கை துடிக்கும். துடிக்கிற கையைக் கட்டிப் போடுங்கள். மரக்கரண்டியின் காம்பால் குவியலின் நடுவே அடிவரை ஒரு துளை போட்டு, மூடி எட்டு நிமிடம் விட்டுவிடுங்கள். துளை வழியே கொதி மேலே வந்து மாவின் தலைமேல் வழியும். மாவு உள்ளிருந்து வேகிறது என்று அர்த்தம். இப்போது ஓரத்தில் தேங்கிய தண்ணீரைக் கொஞ்சம் ஒரு டம்ளரில் வடித்து வைத்துக்கொள்ளுங்கள். சட்டியை இறக்கி, தரையில் ஈரத் துணிமேல் வையுங்கள். சிறு சட்டி வழுக்கி ஓடும், துணி அதைப் பிடிக்கும். ஒரு கையால் கைப்பிடியை அழுத்திக்கொண்டு, மறு கையால் காம்பைச் சட்டியின் சுவரோடு அழுத்தி அழுத்திக் கிளறுங்கள். வெள்ளை மாவு கண்ணில் பட்டால் அங்கேயே நசுக்குங்கள். இறுகிப்போனால் வடித்த தண்ணீரில் ஒரு மடக்கு. மறுபடி சிறு தீயில் இரண்டு நிமிடம். நனைத்த விரலால் தொட்டால் ஒட்டக் கூடாது. ஈரத் தட்டில் கவிழ்த்து, ஈரக் கையால் இரண்டு உருண்டையாகப் பிடியுங்கள்.

ஒன்று இன்றிரவு கீரைக் கடைசலோடு, மெல்லாமல் விழுங்க. மற்றது தண்ணீரில் போட்டு வைத்து, காலையில் மோர் விட்டுக் கரைத்துக் குடிக்க. ஒரு கிளறலில் இரண்டு வேளை முடிகிறது.

அலுப்பான நாள்

ஓசூரில் ஷிப்ட் முடிந்து கடைசி பஸ்ஸில் வருகிற நண்பர்கள், இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்பார்கள். அந்த நாளுக்கென்று ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வேண்டாம், யோசிக்க நேரிடும். என்னுடையது கேழ்வரகு அடை. ஒரு கைப்பிடி மாவு, ஒரு வெங்காயம், உருவி வைத்த முருங்கைக்கீரை, பச்சை மிளகாய், வெந்நீர் தெளித்துப் பிசைந்து கல்லில் தட்டினால் பத்து நிமிடம். தொட்டுக்கொள்ளத் தக்காளித் தொக்கு, கூட ஒரு டம்ளர் மோர். காவேரிப்பட்டணத்து நிப்பட்டு (தட்டை மாதிரிதான்) நாலைந்தை டீயில் நனைத்துத் தின்றுவிட்டு, இரவுச் சாப்பாடு முடிந்தது என்று என்னையே பலமுறை ஏமாற்றியிருக்கிறேன். இரவு பதினொரு மணிக்கு வயிறு எழுப்பிக் கணக்குக் கேட்கும்.

சட்டியிலிருந்து நேராகச் சாப்பிடாதீர்கள். தட்டில் போட்டால்தான் காய் இல்லாதது கண்ணில் படும்.

தனியாகச் செய்யக் கூடாத ஒன்று

மார்கழியில் சந்தைக்கு அவரைக்கொட்டை வரும். பிதுக்குப் பருப்புக் குழம்புக்கு அதை விட்டால் வேறு காலமில்லை. காயை உரித்து, கொட்டையை ஊறவைத்து, ஒவ்வொன்றாக விரலிடுக்கில் வைத்துப் பிதுக்கித் தோலை எடுக்க வேண்டும். ஒரு கிலோ காய் வாங்கித் தனியாக உட்கார்ந்தால் முதுகு போய்விடும். பருப்பு ஒரு கிண்ணம்தான் தேறும்.

முதல் வருடம் அப்படி உட்கார்ந்திருந்தபோது, மொட்டை மாடியில் துணி எடுக்க வந்த வீட்டுக்கார அக்கா பார்த்துவிட்டார். “தம்பி, இதற்கெல்லாம் ஆள் வேண்டும். கீழே கொண்டு வாருங்கள்” என்றார். இப்போது ஒவ்வொரு மார்கழியும் இரண்டு கிலோ வாங்கிக்கொண்டு கீழே போகிறேன். பிதுக்க அவர் வீட்டில் நாலு கைகள், என்னோடு ஆறு. தேங்காய், கொத்தமல்லி விதை, மிளகாய், கசகசா, பட்டை, சின்ன வெங்காயம் அரைப்பது அக்காவின் வேலை. களி கிண்டுவது என்னுடையது. சாப்பிட உட்காரும் ஆறு பேருக்குக் களி என்றால் மூன்று ஆழாக்கு மாவு. அதற்கு என் கைப்பிடிச் சட்டி போதாது. அவருடைய பெரிய சட்டியில்தான் கிண்டுகிறேன். அதற்கும் ஈரத் துணி வேண்டியிருக்கிறது.